சொந்த நிலத்துக் காட்டைக் காக்க உள்ளாட்சி பணம் தருமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "எங்கள் நிலத்தின் பின்பகுதி எந்தக் காலத்திலும் உழப்படாதது. பழைய மரங்கள், புதர், நடுவே ஒரு சிற்றோடை. தனியார் நிலத்தில் பல்லுயிரைக் காக்க உள்ளாட்சி அமைப்பே பணம் தரும் என்கிறார்கள். உண்மையா? வாங்கினால் நிலத்தின் மேல் எங்களுக்கு உள்ள உரிமை போய்விடுமா? எதிலிருந்து தொடங்குவது?"

உண்மைதான். உலகில் பல நகராட்சிகள் இப்படித் தருகின்றன. ஆனால் இதை உதவித்தொகை என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பொதுமக்களின் வரிப்பணத்தைக் கொடுத்து உங்களிடமிருந்து ஒன்றை வாங்குகிறார்கள். என்ன வாங்குகிறார்கள், எத்தனை வருஷத்துக்கு வாங்குகிறார்கள் என்ற இரண்டும் தெளிவாகிவிட்டால் விண்ணப்பம் எழுதுவதும் எளிது, பேரம் பேசுவதும் எளிது.

பல இடங்களில் வாங்கப்படுவது தண்ணீர். பிரேசிலில் எஸ்ட்ரேமா என்று ஒரு சிறிய நகராட்சி. சாவோ பாவ்லோ பெருநகருக்குக் குடிநீர் போகும் ஆற்றின் தலைப்பகுதி அதன் எல்லைக்குள் இருக்கிறது. 2005-ல் தனக்கென ஒரு சட்டம் போட்டு, 2007 முதல் அங்குள்ள நில உடைமையாளர்களுக்கு ஹெக்டேர் கணக்கில் ஆண்டுதோறும் பணம் கொடுத்து வருகிறது. ஊற்றுகளைச் சுற்றி வேலி போடும் வேலையையும் மரம் நடும் வேலையையும் நகராட்சியே ஏற்றுக்கொண்டது. நியூயார்க் நகரம் 1997-ல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, தன் எல்லைக்கு வெகு தொலைவில் உள்ள கேட்ஸ்கில் மலைப்பகுதியில் செலவழிக்கிறது. சில நிலங்களை முழுதாக வாங்குகிறது. சிலவற்றில், கூறுபோட்டு வீடு கட்டும் உரிமையை மட்டும் வாங்கிக்கொள்கிறது, நிலம் உடைமையாளரிடமே இருக்கிறது. பல நூறு கோடி டாலரில் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதைவிட இது மலிவு என்பதுதான் கணக்கு.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் கேள்வியில் ஓடை கடைசியாக வருகிறது. விண்ணப்பத்தில் அது முதலில் வரவேண்டும். அந்த ஓடை எங்கே போய்ச் சேர்கிறது, கீழே யார் அதைப் பயன்படுத்துகிறார்கள், உங்கள் காட்டுத் துண்டுக்கும் பக்கத்தில் உள்ள வேறு காட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை ஒரு வரைபடத்தில் காட்டுங்கள். தனித்து நிற்கும் துண்டைவிட இன்னொன்றோடு இணையக்கூடிய துண்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.

உள்ளாட்சிக்கு இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் விசாரியுங்கள். அமெரிக்காவின் போல்டர் நகர மக்கள் 1967-ல் வாக்களித்துத் தங்கள் மேல் ஒரு விற்பனை வரியைப் போட்டுக்கொண்டு, அதில் ஒரு பங்கைத் திறந்தவெளிகளுக்கு ஒதுக்கினார்கள். இப்படித் தனி வரி இருந்தால் பணம் வருஷாவருஷம் வரும். பொது பட்ஜெட்டிலிருந்து வருவதாக இருந்தால் அடுத்த வருஷம் நிச்சயமில்லை. ரொக்கம் தராமல் சொத்து வரியைக் குறைக்கும் இடங்கள் உண்டு, நாற்றும் ஆளும் மட்டும் தரும் இடங்களும் உண்டு.

சரி, உரிமை விஷயம். நிலம் உங்கள் பெயரில்தான் இருக்கும். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய வெளியாட்கள் உள்ளே வர உரிமை கிடையாது. மாறுவது, அந்த நிலத்தில் என்ன செய்யக்கூடாது என்பதுதான், அதன் கனம் இடத்துக்கு இடம் வேறுபடும். ஆஸ்திரேலியாவில் 1981-ல் விக்டோரியா மாநிலத்தில் தொடங்கிய 'லேண்ட் ஃபார் வைல்ட்லைஃப்' என்பது, தன் நிலத்தில் காட்டுயிருக்கு இடம் விடும் உடைமையாளர்கள் தாமாகச் சேரும் திட்டம். அதில் சட்டப்பூர்வக் கட்டு எதுவும் இல்லை. இங்கிலாந்தில் கட்டட நிறுவனங்கள் தாங்கள் அழிக்கும் பல்லுயிருக்கு ஈடுகட்டியாக வேண்டும். அந்த ஈட்டை உங்கள் நிலத்தில் உருவாக்கி அவர்களுக்கு விற்கலாம், ஆனால் 30 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். நியூசிலாந்தில் இரண்டாம் எலிசபெத் தேசிய அறக்கட்டளையோடு செய்யும் உடன்படிக்கை பெரும்பாலும் நிரந்தரமானது. பத்திரத்தில் ஏறிவிடும், நிலத்தை வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். அப்படியிருந்தும் 5,000-க்கும் மேற்பட்ட உடன்படிக்கைகள் அங்கே உள்ளன. நிலத்தைக் காசாக்கும் எண்ணமே இல்லை, பிள்ளைகளுக்கும் சம்மதம் என்றால் நிரந்தர ஒப்பந்தத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் ஐந்து அல்லது பத்து வருஷ ஒப்பந்தம் போதும். நிலம் அடமானத்தில் இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டியிருக்கலாம், அதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். நடுவில் விற்றால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவேண்டுமா என்ற பிரிவையும் தேடிப் படியுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் பலர் இடத்தைச் 'சுத்தம்' செய்துவிடுகிறார்கள். சருகைக் கூட்டிக் கொளுத்தி, விழுந்து கிடக்கும் கட்டையை லாரியில் ஏற்றி, பட்டுப்போன மரத்தை வெட்டி விடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பட்ட மரத்தின் பொந்தில்தான் ஆந்தை முட்டையிடும். ஈரமான கட்டையைப் புரட்டினால் அடியில் பூரானும் வண்டுப் புழுவும் வெள்ளைப் பூசண இழைகளும் இருக்கும். அவர் தேடி வருவதே அவற்றைத்தான்.

ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை வேலியையும் தொடாதீர்கள். ஏற்கெனவே முடித்த வேலைக்குப் பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள், சட்டப்படி நீங்கள் எப்படியும் செய்தாக வேண்டிய வேலைக்கும் அப்படித்தான். நிறைய திட்டங்களில் நீங்கள் முதலில் செலவழித்து, ரசீது கொடுத்த பிறகுதான் பணம் வரும். அதனால் கையிருப்புக்குத் தக்க அளவில் விண்ணப்பியுங்கள். உங்கள் பங்காகச் சொந்த உழைப்பையும் கணக்கில் சேர்க்கலாமா என்று கேளுங்கள். பல இடங்களில் சேர்ப்பார்கள்.

மரம் நடக் கேட்பதைவிட, இருப்பதைக் காக்கக் கேளுங்கள். ஓடைக்கரையில் மாடு இறங்காமல் ஒரு வேலி போட்டாலே, மண்ணில் புதைந்து கிடந்த விதைகள் தாமாக முளைத்து வரும். அந்நியக் களையை எடுக்கக் கேட்டால், எடுக்கும் செலவோடு அடுத்த மூன்று வருஷப் பராமரிப்பையும் சேர்த்தே எழுதுங்கள். பெரும்பாலான திட்டங்கள் தோற்பது இங்கேதான். புதரை வெட்டியதும் வெயில் தரையில் விழும், உறங்கிக் கிடந்த களை விதை அத்தனையும் ஒரே மழையில் எழும்பும். அந்தச் சமயம் பார்த்துக் கையில் காசு இருக்காது.

தொடங்குவது எதிலிருந்து என்று கேட்டிருந்தீர்கள். இந்த வாரமே நிலத்தில் நாலு இடத்தில் ஆணிக்கம்பு அடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று ஒரே திசையில் ஒரு ஃபோட்டோ எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். வருஷாவருஷம் அதே இடத்தில் நின்று எடுக்க வேண்டும். அப்புறம் உள்ளாட்சியின் சுற்றுச்சூழல் பிரிவுக்குப் போய், அடுத்த விண்ணப்பச் சுற்று எப்போது திறக்கிறது, அதற்கு முன் ஒருவர் நிலத்தைப் பார்க்க வருவாரா என்று கேளுங்கள்.