மோட் மேனேஜர் "ஃபைல் இல்லை" என்றால் என்ன செய்வது? – கேள்வி பதில்

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கேம் மோட் (கேமில் மாற்றம் செய்ய ரசிகர்கள் உருவாக்கும் ஃபைல்கள்), அவற்றைப் போட உதவும் மோட் மேனேஜர் பற்றிச் சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களில் பாதிப் பேர் "ஃபைல் இல்லை" என்ற செய்தியைப் பார்த்ததுமே கேமை அழித்துவிட்டு முதலிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெரும்பாலும் ஃபைல் எங்கோ பத்திரமாகத்தான் இருக்கும், மேனேஜர் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருக்கும். எந்த ஃபைல், அதை எங்கே தேடுகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

சி டிரைவ் நிறைந்துவிட்டதால் ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனை டி டிரைவுக்கு மாற்றினேன் அண்ணா. ஸ்டீமில் திறந்தால் கேம் ஓடுகிறது. வோர்டெக்ஸ் மோட் மேனேஜர் மட்டும் கேமே இல்லை என்கிறது. (மன்னார்குடி)

கேம் ஓடுகிறது என்றால் ஃபைல் எல்லாம் இருக்கிறது, தம்பி. வோர்டெக்ஸ் பழைய முகவரியிலேயே தேடுகிறது. ஸ்டீமில் கேம் பெயரில் ரைட் கிளிக் செய்து, மேனேஜ் என்பதற்குள் பிரவுஸ் லோக்கல் ஃபைல்ஸ் கொடுங்கள். திறக்கும் ஃபோல்டர்தான் சரியான இடம். வோர்டெக்ஸில் கேம்ஸ் பக்கத்துக்குப் போய் அந்த இடத்தைக் கையால் காட்டுங்கள். அதற்குள் இருக்கும் டேட்டா ஃபோல்டரைக் காட்டக் கூடாது, கேமின் இஎக்ஸ்இ ஃபைல் இருக்கிற ஃபோல்டரைக் காட்ட வேண்டும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

இதோடு வேலை முடியவில்லை. வோர்டெக்ஸ் மோட்களை ஸ்டேஜிங் என்ற தனி ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து கேமுக்கு ஹார்ட்லிங்க் போடுகிறது (இதைத்தான் டெப்ளாய் என்கிறார்கள்). ஒரே ஃபைலுக்கு இரண்டு இடத்தில் பெயர் கொடுக்கும் முறைதான் ஹார்ட்லிங்க், ஒரே டிரைவுக்குள்தான் நடக்கும். உங்கள் கேம் டி டிரைவுக்குப் போய்விட்டது, ஸ்டேஜிங் இன்னும் சி டிரைவில் இருக்கும். செட்டிங்ஸில் மோட்ஸ் பகுதிக்குப் போய் ஸ்டேஜிங்கையும் டி டிரைவுக்கு மாற்றுங்கள். வோர்டெக்ஸுக்குள்ளிருந்தே மாற்றுங்கள், ஃபோல்டரை நீங்களாக வெட்டி ஒட்டாதீர்கள்.

எக்ஸ்டெர்னல் டிஸ்கில் கேம் வைத்தால் டெப்ளாய் ஆக மாட்டேன் என்கிறதே? (பேராவூரணி)

டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் ஹார்ட்லிங்க் கிடையாது. உள்ளே இருப்பதை வேறு இடத்தில் காப்பி எடுத்துவிட்டு என்டிஎஃப்எஸ்ஸாக மாற்றுங்கள்.

மோட் ஆர்கனைசர் 2-இல் நாற்பது மோட் போட்டேன். டேட்டா ஃபோல்டரில் ஒன்றுகூட இல்லை. எங்கே போயின? (திருவாரூர்)

எங்கேயும் போகவில்லை, அது அப்படித்தான் வேலை செய்யும். மோட் ஆர்கனைசர் கேம் ஃபோல்டரைத் தொடவே தொடாது. ஒவ்வொரு மோடும் அதன் சொந்த ஃபோல்டரில் தனியாகக் கிடக்கும். மேனேஜரிலிருந்து கேமைத் திறக்கிற அந்த நேரத்துக்கு மட்டும், எல்லாம் டேட்டாவுக்குள் இருப்பதுபோலக் கேமுக்குக் காட்டும். அதனால் டெஸ்க்டாப் ஷார்ட்கட்டிலிருந்து திறந்தால் மோட் இல்லாத கேம்தான் வரும். ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் (சில மோட்களுக்குத் தேவைப்படும் துணை நிரல்) வைத்திருந்தால் அதையும் மேனேஜர் வழியாகவே ஓட்டுங்கள்.

சந்தேகம் தீர வேண்டுமானால் அதோடு வரும் எக்ஸ்ப்ளோரர் பிளஸ் பிளஸ்ஸை மேனேஜருக்குள்ளிருந்து திறந்து டேட்டா ஃபோல்டரைப் பாருங்கள். நாற்பதும் அங்கே தெரியும். விண்டோஸின் சாதாரண எக்ஸ்ப்ளோரரில் அதே ஃபோல்டரில் கேமின் சொந்த ஃபைல்கள் மட்டும்தான் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் குழப்பம் போய்விடும்.

அப்படியும் ஒரு மோட் வரவில்லை என்றால் அதன் ஃபோல்டர் அடுக்கைப் பாருங்கள். சில மோட்களில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இருக்கும். இன்ஸ்டால் செய்யும்போதே உள்ளடக்கம் சரியில்லை என்று சிவப்பில் எச்சரிக்கும், நாம்தான் கவனிக்காமல் ஓகே கொடுத்துவிடுகிறோம். டெக்ஸ்ச்சர்ஸ், மெஷஸ் முதலியவை இருக்கிற உள் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து அதையே டேட்டாவாக அமைத்தால் போதும்.

மிஸ்ஸிங் மாஸ்டர்ஸ் என்று வருகிறது. அன்அஃபிஷியல் பேட்ச் போட்ட பிறகுதான். (வலங்கைமான்)

இதில் உண்மையிலேயே ஃபைல் இல்லை. ஒரு பிளகின் (மோடைக் கேமோடு இணைக்கும் ஃபைல்) இன்னொரு பிளகினை நம்பி எழுதப்பட்டிருக்கும், நம்பப்படுவதுதான் மாஸ்டர். எச்சரிக்கையிலேயே பெயர் இருக்கும், அதை முழுதாகப் படியுங்கள். பெயர் சிசி என்ற எழுத்துகளில் தொடங்கினால் அது கிரியேஷன் கிளப், அதாவது கேம் நிறுவனமே வெளியிட்ட கூடுதல் உள்ளடக்கம். 2021 நவம்பர் ஆனிவர்சரி அப்டேட்டின்போது நான்கை இலவசமாகக் கொடுத்தார்கள்: ஃபிஷிங், சர்வைவல் மோட், செயின்ட்ஸ் அண்ட் செட்யூசர்ஸ், ரேர் க்யூரியோஸ். அன்அஃபிஷியல் பேட்ச் என்பது ஸ்கைரிமின் பிழைகளை ரசிகர்கள் திருத்திய மோட், அதன் புதிய பதிப்பு இவை இருப்பதாக எண்ணியே எழுதப்பட்டது. முதலில் ஸ்டீமில் வெரிஃபை கொடுங்கள், கேம் ஃபைல்களைச் சரிபார்த்து இல்லாததை இறக்கும். வராவிட்டால் கேமின் மெயின் மெனுவில் கிரியேஷன்ஸுக்குப் போய் இறக்குங்கள்.

இறக்கும்போது கேமை மோட் ஆர்கனைசர் வழியாகத் திறந்திருந்தால் அந்த ஃபைல்கள் ஓவர்ரைட் என்ற ஃபோல்டரில் போய் விழும். அங்கேயே விடாமல் தனி மோடாக மாற்றிவிடுங்கள். பழைய 1.5.97 பதிப்பிலேயே இருக்க விரும்புகிறவர்கள் அந்தக் காலத்துப் பேட்சைத்தான் தேட வேண்டும்.

அண்ணா, ஊர் முழுக்க ஊதா நிறமாக இருக்கிறது. நடுவில் சிவப்பு ஆச்சரியக்குறி மிதக்கிறது. (ஒரத்தநாடு)

ஊதா என்றால் டெக்ஸ்ச்சர் (பொருளின் மேற்பரப்புப் படம்) இல்லை, ஆச்சரியக்குறி என்றால் மெஷ் (பொருளின் வடிவம்) இல்லை. எந்தப் பொருள் அப்படித் தெரிகிறதோ அதைச் சேர்த்த மோடை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். அதன் பக்கத்தில் "தேவையானவை" என்று வேறு மோட் சொல்லியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒட்டுமொத்தமாக எதையும் அழிக்க வேண்டாம்.

யூரோ டிரக் சிமுலேட்டர் 2-க்கு நம்ம ஊர் அரசுப் பேருந்து மோட் இறக்கினேன். மோட் மேனேஜரில் பெயரே வரவில்லை. (பட்டுக்கோட்டை)

கும்பகோணம் கோட்டத்துப் பேருந்தைத் திரையில் ஓட்டிப் பார்க்கிற ஆசை எனக்கும் புரிகிறது. இந்த கேமில் மேனேஜர் உள்ளேயே இருக்கிறது. அது பார்ப்பது டாக்குமெண்ட்ஸுக்குள் யூரோ டிரக் சிமுலேட்டர் 2 ஃபோல்டரில் இருக்கும் மோட் என்ற ஃபோல்டரைத்தான். ஸ்டீம் இருக்கும் இடத்தில் போட்டால் தெரியாது.

அடுத்து, இறக்கியது ஆர்ஏஆர் ஃபைலாக இருந்தால் அப்படியே போடக் கூடாது. பிரித்தால் உள்ளே எஸ்சிஎஸ் ஃபைல் இருக்கும், அதுதான் வேண்டும். விண்டோஸ் ஃபைலின் கடைசி எழுத்துகளை மறைத்து வைப்பதால் எது எது என்று தெரியாமல் போகிறது. எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதிக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸை இயக்கிவிடுங்கள்.

பெயர் வந்தும் பேருந்து வராவிட்டால், டாக்குமெண்ட்ஸில் உள்ள யூரோ டிரக் சிமுலேட்டர் 2 ஃபோல்டரில், மோட் ஃபோல்டருக்கு வெளியே, கேம் லாக் என்ற டெக்ஸ்ட் ஃபைல் இருக்கிறது. கேமை மூடிவிட்டு நோட்பேடில் திறந்து எரர் என்று தேடுங்கள். கிடைக்காத ஃபைலின் முழு முகவரியும் அந்த வரியில் இருக்கும். பேருந்தின் பெயர் அதில் வந்தால் மோட் வேறு கேம் பதிப்புக்குச் செய்தது என்று எடுத்துக்கொள்ளலாம். ஸ்டீமில் பிராப்பர்ட்டீஸுக்குள் பீட்டாஸ் பகுதியில் பழைய பதிப்புகள் கிடைக்கும்.

டெப்ளாய் ஆகும்போது கரண்ட் போய்விட்டது. பாதி மோட் வேலை செய்கிறது, பாதி இல்லை. (திருவையாறு)

மோட்கள் ஸ்டேஜிங்கில் இருக்கும், பயப்படாதீர்கள். வோர்டெக்ஸில் பர்ஜ் கொடுத்து எல்லா லிங்கையும் நீக்கிவிட்டு மறுபடி டெப்ளாய் செய்யுங்கள். வெளியிலிருந்து ஃபைல் மாறியிருக்கிறது என்று ஒரு ஜன்னல் வந்தால் நிதானமாகப் படியுங்கள். மாற்றத்தை ஏற்றுக்கொண்டால், காணாமல்போன ஃபைலை ஸ்டேஜிங்கிலிருந்தும் அழித்துவிடும். பழையபடி திருப்பி வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

நேற்று இருந்த டிஎல்எல் ஃபைல் இன்று இல்லை. நான் தொடவேயில்லை சார். (மயிலாடுதுறை)

விண்டோஸ் டிஃபெண்டர் எடுத்திருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் புரொடெக்ஷன் ஹிஸ்டரியைப் பாருங்கள். மோட் செய்தவரின் சொந்தப் பக்கத்திலிருந்து இறக்கியது என்று உறுதியாக இருந்தால் மட்டும் ரெஸ்டோர் கொடுத்து, அந்த ஒரு ஃபோல்டருக்கு விலக்கு கொடுங்கள். யாரோ அனுப்பிய லிங்க் என்றால் வேண்டாம். ஆன்டிவைரஸை முழுதாக அணைக்கவே கூடாது.

தம்பி, என் பையன் லேப்டாப்பில் கேம் செட்டிங்ஸ் எல்லாம் அழிந்துவிட்டது என்று அழுகிறான். ஒன்டிரைவ் நிறைந்துவிட்டது என்றும் வருகிறது. (நாகப்பட்டினம்)

அக்கா, அழிந்திருக்காது. விண்டோஸ் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரையே ஒன்டிரைவுக்குள் மாற்றி வைத்திருக்கும், கேமும் மேனேஜரும் ஆளுக்கொரு டாக்குமெண்ட்ஸைப் பார்க்கின்றன. ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் டாக்குமெண்ட்ஸில் மை கேம்ஸ் என்று தேடச் சொல்லுங்கள். கிடைத்ததும் முதலில் ஒரு பென்டிரைவில் காப்பி எடுக்கட்டும். பிறகு ஒன்டிரைவ் செட்டிங்ஸில் டாக்குமெண்ட்ஸுக்கான பேக்கப்பை நிறுத்திவிட்டு, காப்பியைப் பழைய இடத்தில் வைக்கட்டும். இடம் வேண்டும் என்று ஒன்டிரைவில் எதையும் அழித்துவிட வேண்டாம், லேப்டாப்பிலிருந்தும் சேர்ந்தே போய்விடும்.

இன்னொன்றும் பாருங்கள் அக்கா. லேப்டாப்பில் யூசர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால், ஃபோல்டர் முகவரியில் தமிழ் எழுத்து வரும். பல பழைய கேம்களுக்கு அந்த எழுத்து பிடிபடாது. ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து இன்னொரு யூசர் கணக்கு திறந்து, கேமை அதில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.