கன்ட்ரோலர் போன பிளைண்டுக்கு இஎஸ்பி32

கேள்வி: லோட் ஷெடிங் முடிந்து கரண்ட் வந்தபோது எங்கள் வீட்டு மோட்டார் பிளைண்டின் (குழலில் சுருண்டு ஏறி இறங்கும் ஜன்னல் திரை) கன்ட்ரோலர் போய்விட்டது. கடையில் முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். அடாப்டர் 24 வோல்ட். மோட்டாரிலிருந்து இரண்டு தடித்த ஒயரும் நான்கு மெல்லிய ஒயரும் வருகின்றன. கைவசம் இருக்கும் இஎஸ்பி32 போர்டை (வைஃபை உள்ள சிறிய மைக்ரோகன்ட்ரோலர்) வைத்து ஓட்டலாமா?
– வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: தாராளமாக ஓட்டலாம். முதலில் அடாப்டரில் 24 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள்; பல வீடுகளில் போயிருப்பது அதுதான். பிறகு கேட் மோட்டாரின் 12 வோல்ட் பேட்டரியை எடுத்து, 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகத் தடித்த ஒயர் இரண்டிலும் அரை விநாடி மட்டும் தொடுங்கள். திரை பாதி உயரத்தில் இருக்கட்டும். மெதுவாக நகரும். ஒயரை மாற்றித் தொட்டால் எதிர்ப்பக்கம் நகர வேண்டும். இரண்டு பக்கமும் நகர்ந்தால் மோட்டார் நன்றாக இருக்கிறது.

மோட்டாரை இரு திசையிலும் ஓட்ட பிடிஎஸ்7960 என்ற மோட்டார் டிரைவர் மாட்யூல் போதும். அதன் லாஜிக் சப்ளை பின்னுக்கு (விசிசி) 5 வோல்ட் வேண்டாம், 3.3 கொடுங்கள், அப்போதுதான் இஎஸ்பி32 தரும் சிக்னலை அது சரியாகப் புரிந்துகொள்ளும். மாட்யூலை இயக்க அனுமதிக்கும் இரண்டு எனேபிள் பின்னிலிருந்தும் கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். இல்லாவிட்டால் போர்டு பூட் ஆகும் நொடியில் திரை தானாகத் துள்ளும். லோட் ஷெடிங் உள்ள ஊரில் இது அடிக்கடி நடக்கும்.

ஓட்டுவது சுலபம், நிறுத்துவதுதான் வேலை. மேலே போகும்போது அடிக்கம்பி பெட்டியில் முட்டினால் கரண்ட் ஏறும், அதைப் பார்த்து நிறுத்திவிடலாம். கீழே அப்படி இல்லை. துணி முழுவதும் அவிழ்ந்த பிறகும் குழல் சுற்றிக்கொண்டே இருக்கும். துணி பின்பக்கமாகச் சுற்றி மறுபடி மேலே ஏறும். கரண்ட் அளவில் இது தெரியாது. அதற்காகத்தான் அந்த நான்கு மெல்லிய ஒயர்கள். பெரும்பாலும் அவை குழல் சுற்றுவதைக் காந்தத்தால் உணரும் ஹால் சென்சாருடையவை: சப்ளை, கிரவுண்ட், இரண்டு பல்ஸ். பழைய போர்டில் அச்சிட்டிருக்கும் எழுத்தை வைத்து உறுதிசெய்யுங்கள். பல்ஸ் ஒயர்களுக்கு 3.3 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் கொடுத்து, மேல் முனையைப் பூஜ்யமாக வைத்து பல்ஸ்களை எண்ணுங்கள். மோட்டார் ஓடும்போது 300 மில்லிவிநாடி பல்ஸ் வராவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். முழு ஓட்டம் 20 விநாடி என்றால் 25-இல் எப்படியும் நிற்க வேண்டும். திசை மாற்றும் முன் அரை விநாடி இடைவெளி விடுங்கள்.

கரண்ட் அளக்க 5 ஆம்பியர் ஏசிஎஸ்712 சென்சாரை மோட்டாரின் சப்ளை ஒயரில், அவுட்புட் 2.5 வோல்ட்டிலிருந்து கீழே இறங்கும் திசையில் இணையுங்கள். எதிர்த்திசையில் வைத்தால் முட்டும்போது 3.3 வோல்ட்டைத் தாண்டி இஎஸ்பி32-இன் பின்னைக் கெடுக்கலாம். அந்த அவுட்புட்டை இஎஸ்பி32-இன் ஜிபிஐஓ 32 முதல் 39 வரை உள்ள பின் ஒன்றில் கொடுங்கள், இவை வோல்ட்டேஜ் அளக்கும் ஏடிசி1-ஐச் சேர்ந்தவை; ஏடிசி2 பின்கள் வைஃபை ஓடும்போது வேலை செய்யாது.

திரை இருக்கும் இடத்தை ஃபிளாஷில் எழுதுவது மோட்டார் நின்ற பிறகு ஒருமுறை மட்டும். பாதி ஓட்டத்தில் கரண்ட் போனால் எண்ணிக்கை தவறிவிடும். ஆகவே கரண்ட் வந்ததும் தானாக ஓட்டாமல், முதல் பட்டன் அழுத்தலில் மேலே கொண்டுபோய்ப் பூஜ்யம் செய்யுங்கள்.

கேள்வி: எங்களுடையது 230 வோல்ட் குழல் மோட்டார், நான்கு ஒயர். இதே முறை சரிவருமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: வராது. அதில் நியூட்ரல், எர்த் போக, ஏற ஒன்று, இறங்க ஒன்று என இரண்டு லைவ் ஒயர். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கரண்ட் போகவே கூடாது. ஒரு ரிலே ஆன்-ஆஃப்புக்கு, அடுத்தது திசைக்கு, இரண்டு ஒயரில் ஒன்றுக்கு மட்டும் இணைப்பை மாற்றிக் கொடுக்கும் மாற்றுத்தொடர்பு ரிலே. இப்படி அடுக்கினால் நிரலில் பிழை இருந்தாலும் இரண்டும் சேர்ந்து ஆன் ஆகாது. ஒரு பக்கம் ஓடும்போது மோட்டாருக்குள் இருக்கும் கப்பாசிட்டர் வழியாக மறு ஒயரிலும் ஆபத்தான வோல்ட்டேஜ் இருக்கும். அதனால் இரண்டு மோட்டாரை ஒரே ரிலேயில் இணைக்காதீர்கள். 230 வோல்ட் இணைப்பைப் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள்.