மின்தடைக்குப் பிறகு ஆன்டிவைரஸ் சர்வரின் கன்சோல் (எல்லா கம்ப்யூட்டர்களின் ஆன்டிவைரஸையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் திரை) "சான்றிதழ் செல்லாது" என்கிறது. எடுத்துவிட்டு மீண்டும் நிறுவலாமா?

வேண்டாம். முதலில் அந்த சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். மணியை மட்டுமல்ல, வருடத்தையும்.

நீங்களும் என்னைப் போல ஒற்றை ஆளாக ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவர் என்று நினைத்தே எழுதுகிறேன். சர்வீஸே, அதாவது பின்னணியில் ஓடும் நிரலே, ஓடவில்லை என்றால் கதை வேறு. பாதியில் அணைந்த தரவுத்தளம் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கும். விண்டோஸோ ஒரு சர்வீஸுக்காக 30 விநாடிதான் காத்திருக்கும். தரவுத்தளம் எழுந்த பிறகு மேலாண்மை சர்வீஸைக் கையால் தொடங்கினால் பெரும்பாலும் போதும். உங்களுக்கு சர்வீஸ் ஓடுகிறது, கன்சோல்தான் முரண்டு பிடிக்கிறது.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். அம்பத்தூரில் எங்கள் தொழிற்சாலைக்கு ஐந்தாம் நாள்தான் கரண்ட் வந்தது. எல்லாம் எழுந்தன, ஆன்டிவைரஸ் கன்சோலைத் தவிர. உங்களுக்கு வந்த அதே செய்தி. தொலைபேசியில் விற்பனையாளரின் ஆள், "எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள் சார்" என்றார். போட்டேன். திறந்தது. 86 கம்ப்யூட்டர்கள் இருக்க வேண்டிய பட்டியலில் ஒன்றுகூட இல்லை. வைரஸ் அப்டேட்டும் இறங்க மறுத்தது.

இருட்டிய பிறகு எதற்கோ ஒரு ஃபோல்டர் உருவாக்கினேன். பக்கத்தில் தேதி: 01-01-2012.

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை அது செத்தது வெளியே தெரியாது. சான்றிதழ் என்பது சர்வரின் அடையாள அட்டை; எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று அதில் இருக்கும். 2014-இல் உருவான சான்றிதழ், 2012-இல் நிற்கும் சர்வருக்கு இன்னும் பிறக்கவே இல்லை! இணையம் வந்தால் நேரம் தானாகச் சரியாகிவிடுமே என்பீர்கள். டொமைனில் (கம்ப்யூட்டர்களை ஒரு மைய சர்வரின் கீழ் கொண்டுவரும் ஏற்பாடு) சேராத விண்டோஸ், வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் தானாகத் திருத்தாது. டொமைன் வைக்காதது உன் தவறு என்று எழுத வருபவர்கள் எங்கள் முதலாளியிடம் பேசிக்கொள்ளட்டும்.

தேதியை மாற்றி சர்வீஸை நிறுத்தித் தொடங்கியிருந்தால் ஐந்து நிமிட வேலை. நான் நிறுவியதில் புதுச் சான்றிதழ் உருவாகிவிட்டது. 86 கம்ப்யூட்டர்களும் நம்புவது பழையதை. அதை நகலெடுத்து வைக்கவில்லை. ஆமாம், அது என் தவறுதான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க பென் டிரைவும் கையுமாக மேஜை மேஜையாக, கடைசியில் எடைமேடை அறை வரைக்கும் போனேன். நீங்கள் நிறுவித்தான் ஆக வேண்டும் என்றாலும் அந்தச் சான்றிதழையும் சாவிக் கோப்பையும் முதலில் வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

அந்த ஞாயிற்றுக்கு மாற்று விடுப்பு கேட்டேன். வருகைப் பதிவில் என் கைரேகை இல்லையாம். கைரேகை இயந்திரம் புயலில் நனைந்து, சுவரிலிருந்து கழற்றி என் மேஜையில்தான் கிடந்தது. கழற்றச் சொன்னவரே இப்படிக் கேட்டார். புதிய பேட்டரியை என் காசில் வாங்கிப் போட்டேன். நாற்பது ரூபாய். அதற்கும் ஜிஎஸ்டிக்கு முந்தைய காலத்து வாட் பில் வேண்டும் என்றார்கள். பெட்டிக்கடைக்காரர் எங்கே போவார்?