முகமறியாதவர்கள் இணையத்தில் சொல்வதைக் கேட்டு என் எண்ணத்தை மாற்றிக்கொள்ளலாமா?

கானாடுகாத்தானில் உள்ள பூர்வீக வீட்டின் சுண்ணாம்புச் சுவரில் உதிர்ந்த இடங்களைச் சிமெண்டால் பூச எண்ணியிருந்ததாகவும், இணையத்தில் முன்பின் அறியாத பலர் அதை மறுத்ததால் குழம்பியிருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். எண்ணத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பலர் சொன்னார்கள் என்பதற்காக அல்ல, அவர்களுள் ஒருவரேனும் சொன்ன காரணம் சோதனைக்கு நிற்கிறது என்பதற்காக.

சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை ஆவியாக வெளியேற விடும். அடர்ந்த சிமெண்ட் பூச்சு அதைத் தடுப்பதால், ஈரமும் அதனுடன் வரும் உப்பும் சுவருக்குள்ளேயே தங்கி, நாளடைவில் பூச்சைப் பெயர்த்துவிடக்கூடும். இதைச் சொன்னவர் யாரென்று தெரியாவிட்டாலும், சிமெண்ட் பூசிய பழைய சுவர் ஒன்றை மழைக்காலம் முடிந்ததும் பார்த்தோ, சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரிடம் கேட்டோ நீங்களே சரிபார்க்க முடியும். பாரம்பரியத்தைக் கெடுக்கிறீர்கள் என்று மட்டும் வைதவரின் பேச்சில் சரிபார்க்க எதுவும் இல்லை.

எண்ணிக்கைக்கு மயங்குவது இயல்பே. 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய ஆய்வில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய வேலையில்கூட, உடனிருந்தோர் அனைவரும் பேசிவைத்துத் தவறாகச் சொன்னபோது, பங்கேற்றவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் ஒருமுறையாவது அவர்களோடு ஒத்துப்போனார்கள். சரியாகச் சொல்பவர் ஒரே ஒருவர் உடனிருந்தபோது அந்த இணக்கம் பெரிதும் குறைந்தது. ஆகவே பலர் ஒரே பக்கம் திரளும்போது, மாறுபடும் ஒருவரையாவது தேடிக் கேளுங்கள். வீட்டில் பங்குள்ள பங்காளிகளிடமும் பேசுங்கள், ஏனெனில் அந்தச் சுவர் அவர்களுக்கும் உரியது.