நிறத்தைப் பார்த்து ஒயர் சேர்க்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. என்னிடம் 2014 மாடல் பெட்ரோல் கார் இருக்கிறது. வீடியோ பார்த்து நானே புதிய ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்) மாட்டினேன். கழற்றும்போது புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் பழைய ஆக்சிஜன் சென்சார் உடைந்துவிட்டது. அது டென்சோ கம்பெனியுடையது. கடையில் கப்ளர் (செருகும் இணைப்பு) இல்லாத போஷ் யுனிவர்சல் சென்சார்தான் கிடைத்தது. பழையதின் கப்ளரை ஒயரோடு வெட்டி, கறுப்பைக் கறுப்போடும் வெள்ளையை வெள்ளையோடும் சேர்த்தேன். மிச்சமிருந்த சாம்பலை நீலத்தோடும், இன்னொரு வெள்ளையை இன்னொரு கறுப்போடும் சேர்த்து ஈயம் வைத்தேன். காலையில் நன்றாக ஓடுகிறது. சூடு ஏறியதும் திணறுகிறது, செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0132, பி0135 என்ற கோளாறு கோடுகள் (எண்கள்) வருகின்றன. சென்சார் போலப் பொய் சிக்னல் அனுப்பும் எமுலேட்டர் போட்டால் விளக்கு அணைந்துவிடும் என்கிறார் நண்பர். போடலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம் தம்பி. முதலில் அந்தக் கப்ளரைக் கழற்றி விடுங்கள். சென்சார் இல்லாவிட்டாலும் கொஞ்ச தூரம் ஓட்டலாம், பெட்ரோல்தான் கூடுதலாகக் குடிக்கும். இப்போதுள்ள இணைப்போடு ஓட்டினால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம் போய்விடும் என்பதுதான் என் கவலை.

சேர்த்த வரிசையை இவ்வளவு தெளிவாக எழுதியது நல்லதாகப் போயிற்று. கோளாறு அதிலேயே இருக்கிறது. டென்சோவில் இரண்டு கறுப்பும் ஹீட்டர் (சென்சாரைச் சூடாக்குவது), நீலம் சிக்னல், வெள்ளை சிக்னலின் எர்த். போஷில் இரண்டு வெள்ளையும் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். நீங்கள் நிறம் பார்த்துச் சேர்த்ததால் ஹீட்டருக்குப் போக வேண்டிய 12 வோல்ட், போஷின் சிக்னல் ஒயரில் ஏறியிருக்கிறது. ஒரு வோல்ட்டுக்கும் கீழே வேலை செய்கிற இடம் அது.

அப்படியானால் காலையில் ஏன் நன்றாக ஓடுகிறது? சென்சாருக்குள் இருக்கும் ஜிர்கோனியா என்ற பீங்கான், குளிர்ந்திருக்கும்போது கிட்டத்தட்ட மின்சாரமே கடத்தாது. சுமார் 300 டிகிரி தாண்டினால்தான் கடத்தத் தொடங்கும். சைலன்சர் புகையில் அது சூடானதும் 12 வோல்ட் அதன் வழியாகவே ஈசிஎம்முக்குள் எட்டிப் பார்க்கிறது. அதிக வோல்டேஜைப் பார்த்து, பெட்ரோல் மிதமிஞ்சிப் போகிறது என்று நினைத்து ஈசிஎம் அதைக் குறைக்கிறது, வண்டி திணறுகிறது. பி0132 என்றால் சிக்னல் வோல்டேஜ் அதிகம். ஹீட்டருக்கு உரிய மின்சாரம் கிடைக்காததால் பி0135. இரண்டு கோடுக்கும் மூலம் ஒன்றுதான்.

இனி சரிசெய்யும் வழி. ஈயம் வைத்த இடங்களை முழுதாக வெட்டி எறியுங்கள். இந்த வகை சென்சார்களில் பெரும்பாலானவை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்றை ஒயர் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன. ஈயமும் ஃப்ளக்ஸும் அந்த வழியை அடைத்துவிடும். அதனால் கிரிம்ப் ஸ்லீவ் (ஒயர்களை இறுக்கிச் சேர்க்கும் உலோகக் குழாய்) போட்டு அழுத்தி, மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போடுங்கள். கப்ளரில் கிரீஸ், ஸ்பிரே எதுவும் வேண்டாம்.

சேர்க்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். போஷின் இரு வெள்ளைக்கும் இடையே சில ஓம்ஸ் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. கறுப்பு, சாம்பல் ஜோடியில் ஓம்ஸ் வைத்துப் பார்க்காதீர்கள், மீட்டர் அனுப்பும் மின்சாரமே சென்சாருக்கு நல்லதல்ல. வண்டிப் பக்கக் கப்ளரில் சாவி ஆன் செய்து பாருங்கள், டென்சோவின் கறுப்பு ஒயர்களுக்கு எதிரே உள்ள இரண்டு பின்களில் ஒன்றில் 12 வோல்ட் வர வேண்டும். வரவில்லையென்றால் ஹீட்டர் பியூஸைப் பாருங்கள். அப்புறம் வெள்ளைகள் இரண்டும் கறுப்புகளுக்கு (ஹீட்டரில் எது எதற்கு என்பது முக்கியமில்லை), போஷ் கறுப்பு நீலத்துக்கு, சாம்பல் டென்சோ வெள்ளைக்கு. இவ்வளவுதான்.

ஒயரை நீட்டியிருந்தால் சாதாரண பிவிசி ஒயர் ஹெடர் பக்கத்தில் உருகும். சிலிகோன் ஒயர் வாங்கி, கண்ணாடி இழை ஸ்லீவ் போட்டு, எஞ்சின் ஆடும்போது இழுபடாத அளவுக்குக் கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டுங்கள்.

கோடுகளை அழித்துவிட்டு, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு சுமார் 2,000 ஆர்பிஎம்மில் நிறுத்தி ஸ்கேனரில் லைவ் டேட்டா பாருங்கள். வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே விடாமல் ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றாலோ மந்தமாக நகர்ந்தாலோ 12 வோல்ட் அடியில் அந்த சென்சார் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்ததை வாங்கும்போது விலை கூடுதலானாலும் உங்கள் வண்டிக்கே உரிய கப்ளரோடு வருவதை வாங்குங்கள்.

எமுலேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஈசிஎம்முக்குப் பொய் சொல்லும். முன் சென்சாரின் இடத்தில் அதைப் போட்டால் பெட்ரோல் அளவை யாரும் கவனிக்காமல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வெந்து சாகும். அந்தக் கன்வெர்ட்டரின் விலையைக் கேட்டுப் பாருங்கள், நண்பரின் யோசனை தானாக விலகும்.

ஒயரிங் சரியான பிறகு சென்சார் விடாமல் குறைந்த வோல்டேஜே காட்டினால் ஒயரைச் சந்தேகிக்க வேண்டாம், ஹெடர் கேஸ்கெட்டைப் பாருங்கள். அங்கே சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய் சென்சாரை ஏமாற்றும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, அந்த இடத்தில் 'டிக் டிக்' சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். மாறாக, சென்சார் கப்ளரைக் கழற்றி வைத்த நிலையிலும் பி0132 திரும்பத் திரும்ப வந்தால், சிக்னல் ஒயர் 12 வோல்ட் வரும் வேறு ஒயரில் உரசுகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஈசிஎம்மைத் திறந்து பார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.