கொதிக்கும் பெட்டி, குறுக்கே நிற்கும் எமன்

கேள்வி: பரணைச் சுத்தம் செய்தபோது 1990களில் நானும் தம்பியும் விளையாடிய வீடியோ கேம் பெட்டி கிடைத்தது. அதன் அடாப்டர் தொலைந்துவிட்டதால், 12 வோல்ட் செட்டாப் பாக்ஸ் அடாப்டரை மாட்டி எல்இடி டிவியில் போட்டுப் பார்த்தேன். ஓடுகிறது; ஆனால் படம் கருப்பு வெள்ளையாகத் தெரிகிறது. அரை மணி நேரத்தில் பெட்டி கொதித்து, படம் உறைந்துவிடுகிறது. ‘காசில்வேனியா’ விளையாட்டில் எதிரிகள் மின்னி மின்னி மறைகிறார்கள். பெட்டி பழுதா? சிறுவயதில் தாண்ட முடியாத அரிவாள் எமனை இப்போதாவது தாண்ட வழி உண்டா?
– வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: முதலில் அந்த அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். எமனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊர்களில் அந்நாளில் விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை, ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் பெட்டியின் நகல்கள். உள்ளே இருக்கும் சில்லுகளுக்கு வேண்டியது 5 வோல்ட்தான். அடாப்டரிலிருந்து வரும் 9 வோல்ட்டை 5 ஆகக் குறைக்க 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் ஒன்று இருக்கும். அது மிச்ச மின்னழுத்தத்தை வெப்பமாக்கி வெளியே தள்ளும். 9 வோல்ட் கொடுத்தால் 4 வோல்ட் வெப்பமாகும். 12 கொடுத்தால் 7. அதாவது முக்கால் பங்கு கூடுதல் சூடு. அதுவும் வேலூர் வெயிலில், மின்விசிறியே அனல் வீசும் அறையில்! சூடு எல்லை மீறினால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு அந்த ரெகுலேட்டரிலேயே உண்டு. உங்கள் படம் உறைவதற்கு அநேகமாக அதுதான் காரணம்.

பெட்டியின் அடியிலோ பின்புறத்திலோ எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள். பக்கத்திலேயே ஒரு வட்டமும் கூட்டல், கழித்தல் குறிகளும் இருக்கும். பின்னின் உள்முனை எந்தத் துருவம் என்பதை அந்தப் படம்தான் சொல்கிறது. இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் உள்முனை எதிர்த்துருவம். செட்டாப் பாக்ஸ் அடாப்டர்களிலோ பொதுவாக நேர்த்துருவம். மாட்டியவுடன் புகையாமல் ஓடியது உங்கள் நல்ல நேரம். வோல்ட்டும் துருவமும் பொருந்தும் அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். ஆம்பியர் சற்றுக் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை. குறைவாக இருக்கக் கூடாது. சரியான அடாப்டரிலும் கொதித்தால், ரெகுலேட்டரோடு திருகியிருக்கும் அலுமினியத் தகடு கழன்றிருக்கிறதா என்று ரேடியோ, டிவி பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். பத்து நிமிட வேலை.

கருப்பு வெள்ளைக்கு டிவியைத்தான் கேட்க வேண்டும். இப்போதைய டிவிகள் பலவற்றில், பெட்டியிலிருந்து படத்தைக் கொண்டுவரும் மஞ்சள் பின்னுக்குத் தனித் துளை கிடையாது. பச்சைத் துளையே இரண்டு வேலை பார்க்கும். மெனுவில் ‘கம்போனென்ட்’ என்று இருந்தால் நிறம் போய்விடும். ‘ஏவி’ என்று மாற்றுங்கள். அப்படியும் வராவிட்டால் கலர் சிஸ்டத்தை ‘ஆட்டோ’வில் விடாமல் ‘பால்’ (PAL), ‘என்டிஎஸ்சி’ (NTSC) என்று ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். இசை சற்று இழுத்தாற்போல் கேட்டால் பயப்பட வேண்டாம். மூல விளையாட்டு நொடிக்கு 60 படங்களுக்காக எழுதப்பட்டது. ‘பால்’ முறைக்கான நகல் பெட்டிகள் 50 தான் காட்டும். ஆட்டமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக நகரும். எமனோடு மோதப் போகிறவருக்கு அது சலுகைதான்.

எதிரிகள் மின்னி மறைவது பழுதே அல்ல. பெட்டியில் படம் வரையும் சில்லால் திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டு நகரும் துண்டுகளை மட்டுமே வரைய முடியும். நாயகன் சைமன் பெல்மான்ட் நிற்கும்போதே அகலத்தில் இரண்டு துண்டுகளை எடுத்துக்கொள்வான். சாட்டையை வீசினால் இன்னும் சில போய்விடும். அதே உயரத்தில் இரண்டு மூன்று எதிரிகள் வந்துவிட்டால் எட்டு தாண்டிவிடும். யாரோ ஒருவர் நிரந்தரமாகக் காணாமல் போவதற்குப் பதில், எல்லாரையும் மாற்றி மாற்றிக் காட்டும்படி எழுதியிருக்கிறார்கள். கண்ணுக்கு மறைந்தவனும் அடிப்பான் என்பதை நினைவில் வையுங்கள்.

கார்ட்ரிட்ஜை (விளையாட்டு அடங்கிய கேசட்டை) ஊதாதீர்கள். எச்சில் ஈரம் செம்புத் தகட்டில் பச்சை பூக்கவைக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். (விளையாட்டுத் துப்பாக்கியும் பரணில் கிடைத்திருந்தால் அங்கேயே இருக்கட்டும், பழைய குழாய் டிவியை விட்டால் வேறெதிலும் அது சுடாது.)

இன்னொரு சோதனை. ஒலிக் கம்பியைத் தனி ஸ்பீக்கரில் மாட்டிச் சாட்டையை வீசுங்கள். சத்தம் முந்தி, வீச்சு பிந்தித் தெரிந்தால் டிவி படத்தைத் தாமதப்படுத்துகிறது. மெனுவில் ‘கேம் மோட்’ இருந்தால் போடுங்கள். படத்தை மெருகேற்றும் வசதிகளையெல்லாம் அணைத்துவிடுங்கள். அதற்குப் பின்னும் சாட்டை ஒரு கணம் தயங்கித்தான் நீளும். அது இந்த விளையாட்டை உருவாக்கிய கோனாமி நிறுவனம் 1986இல் எழுதிய விதி.

இனி எமன். நம்மூரை ராஜா இல்லாத கோட்டை என்பார்கள். இந்த விளையாட்டின் கோட்டையில் ராஜாவான டிராகுலா செத்தும் போகமாட்டேன் என்கிறார்; அவருக்குக் காவலாக, மொத்தம் 18 கட்டங்களில் 15ஆம் கட்டத்தின் முடிவில் எமன் நிற்கிறான். சிறுவயதில் எல்லாரும் செய்தது ஒன்றுதான்: விரல் வேகத்தை நம்பி ஓடினோம். இது வேகத்துக்கான விளையாட்டே இல்லை. குதித்துவிட்டால் காற்றில் திசை மாற்ற முடியாது. அடிபட்டால் பின்னால் தூக்கி எறியப்படுவீர்கள். பின்னால் பள்ளம் இருந்தால் அத்தோடு சரி. ஆகவே குதிக்கும் முன்பே எங்கே இறங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும். படிக்கட்டில் நிற்கும்போது மட்டும் இந்தத் தூக்கியெறிதல் கிடையாது.

உங்கள் உயிர்க்கோடுகள் 16. முதல் ஆறு கட்டங்களில் ஓர் அடிக்கு 2 கோடுகள் போகும், அடுத்த ஆறில் 3, அதற்குப் பின் 4. எமன் இருக்கும் பகுதியில் நான்கு அடி வாங்கினால் ஆட்டம் முடிந்தது. அவன் அறைக்கு முன்னால் வரும் நீண்ட கூடத்தில்தான் பலரும் செத்துப்போகிறார்கள். கோடாரி எறியும் கவசவீரன் எதிரே; அலைபோல மேலும் கீழுமாய் மிதந்து வரும் மெதூசா (பாம்புக் கூந்தல் அரக்கி) தலைகள் முன்னும் பின்னும்.

இதற்கு மருந்து புனித நீர்க் குப்பி. எங்கே கிடைத்தாலும் எடுங்கள். எடுத்தபின் வேறு துணை ஆயுதத்தைத் தொடாதீர்கள், தொட்டால் குப்பி போய்விடும். கத்தி பளபளப்பாக வந்து காலடியில் விழும், ஏமாறாதீர்கள். மேல் அம்புக்குறியும் பி பொத்தானும் சேர்த்து அழுத்தினால் வீசலாம். ஒரு வீச்சுக்கு ஓர் இதயம் (துணை ஆயுதத்தை வீசச் செலவாகும் புள்ளி) செலவு. குப்பி விழுந்த இடத்தில் சிறு தீ எரியும். அதில் கால் வைத்தவன் தீ அணையும் வரை அசையமாட்டான், அடியும் வாங்கிக்கொண்டே இருப்பான். துணை ஆயுதத்தாலேயே எதிரிகளை அடித்துவந்தால் இரட்டை, மும்மை வீச்சு அடையாளங்கள் கிடைக்கும். மும்மை வந்துவிட்டால் ஒரு தீ அணையும் முன் அடுத்ததை மூட்டலாம்.

கூடத்தில் கவசவீரனை நெருங்காமல், குப்பி அவன் காலில் விழும் தூரத்தில் நின்று வீசுங்கள். அவன் தீயில் நிற்கும்போது சாட்டையை மெதூசா தலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எமன் அறைக்குள் இதயங்கள் நிறைய இருக்கும்படி நுழையுங்கள். அவன் உருப்பெற்றவுடன், அரிவாள்கள் பறக்கத் தொடங்கும் முன் காலடியில் முதல் குப்பி. பிறகு நிறுத்தாமல் அடுத்தடுத்து. தீயில் சிக்கிய எமன் எழுந்திருக்கவே மாட்டான். இது குறுக்குவழி என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. விளையாட்டே கொடுத்த ஆயுதத்தை விளையாட்டில் பயன்படுத்துவதில் எனக்குத் தவறு தெரியவில்லை. கூடத்தில் செத்துக் குப்பியும் நீட்டிய சாட்டையும் போய்விட்டால் வெறுஞ்சாட்டையோடு முட்டி மோதாதீர்கள். மிச்ச உயிர்களை விட்டுவிட்டு ‘கன்டினியூ’ கொடுத்து 13ஆம் கட்டத்திலிருந்து வாருங்கள்.

டிராகுலாவுக்கு முதல் உருவில் தலையில் பட்டால்தான் அடி. இரண்டாம் உருவான அரக்கனிடம் அதே புனித நீர் பேசும்.

கன்டினியூவுக்குக் கணக்கில்லை. ஆனால் கார்ட்ரிட்ஜில் சேமிக்கும் வசதியும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. மின்சாரம் போனால் முதல் கட்டம்தான். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பில் சத்துவாச்சாரி இருக்கிறதா என்று நாளிதழில் பார்த்துவிட்டு உட்காருங்கள்.