கையெழுத்துப் போட்டால்தான் மன்னிப்பா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

பிறந்த ஊர் திருக்காட்டுப்பள்ளி பக்கம், வாழ்க்கைப்பட்டது தஞ்சாவூரில். அப்பா உயில் எழுதாமலே இறந்துவிட்டார். "உனக்குத்தான் கல்யாணத்துக்குச் செய்தாச்சே" என்று அண்ணன் நஞ்சையில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் நீட்டினார். நான் கையெழுத்துப் போடவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. பூண்டி மாதா கோயிலில் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அம்மா அவரிடம்தான் இருக்கிறார். உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பிறகு என் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நன்மை (நற்கருணை) வாங்கும் நாள். தாய்மாமன் இல்லாமலா என்று அம்மா போனில் அழுகிறார். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள். கோபத்தோடு நன்மை வாங்கக் கூசி, பூசையில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகுமா?

அன்புச் சகோதரி,

பயந்து போடும் கையெழுத்து கோபத்தை இன்னும் வளர்க்கும். இப்போது போடாதீர்கள்.

நமக்கு இழைத்த தீங்கை உணராமலிருப்பதோ மறப்பதோ நம் கையில் இல்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே (எண் 2843) ஒப்புக்கொள்கிறது. கோபம் தானாக எழுவது பாவமல்ல. அண்ணன் கெட்டுப்போக வேண்டும் என்று விரும்புகிறீர்களா? அப்படித் தெரியவில்லை. பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் மனம்விட்டுச் சொல்லுங்கள். நன்மையிலிருந்து நீங்களே விலகி நிற்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

பங்கு கேட்பது பேராசையும் அல்ல. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காமல். உங்கள் கடிதத்திலும் அம்மாவின் பங்கைப் பற்றிப் பேச்சே இல்லையே, கவனித்தீர்களா? அப்பாவின் வைத்தியச் செலவு, வயலில் போட்ட உழைப்பு என்று அண்ணன் மனதிலும் ஒரு கணக்கு இருக்கலாம். அதையும் கேட்க வேண்டும்.

உன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்கிறார் இயேசு (மத்தேயு 5:23-24). யார் பக்கம் நியாயம் என்று அங்கே கேட்கவில்லை. போகத்தான் சொல்கிறார். உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டு வா என்று சொல்லவில்லை. மன்னிப்பை நீங்கள் தனியாகத் தொடங்கலாம். ஒப்புரவுக்கு அவரும் வர வேண்டும்.

கணவரோடு போய் நேரில் அழையுங்கள். அம்மாவைத் தூது அனுப்பாதீர்கள், அந்த வயதில் அது பெரிய பாரம். அன்று நிலப் பேச்சே வேண்டாம். அதற்கு வேறொரு நாளில், இருவரும் மதிக்கும் பெரியவர் ஒருவர் முன்னிலையில், அம்மாவையும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

குறையே இல்லாமல் எந்தக் குடும்பமும் வானத்திலிருந்து இறங்கி வருவதில்லை என்று 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதினார். அண்ணன் வராமலும் போகலாம். புதுநன்மைக்குத் தாய்மாமன் நிற்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் எதுவும் இல்லை. மகளிடம், "மாமாவை அழைத்தோம், இந்த முறை வரவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். அண்ணனைக் குறை சொல்லி எதுவும் வேண்டாம்.